செத்த மூலை

சனிக்கிழமை காலை ரயிலில் சோதனை பார்க்க ஆள் வருகிறார் என்று சென்னையிலிருந்து தபால் வந்தது திங்கட்கிழமை. நேசையாவின் கையில் ஐந்து நாள் இருந்தது.

நேசையாவுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. சென்னையில் ஒரு மரச்சாமான் கம்பெனியில் மூன்று வருஷமாகத் தொழில் படித்துக்கொண்டிருந்தான். அந்தத் தொழிலுக்கு அன்றைக்குத் தமிழில் பெயர் கிடையாது. "வீட்டுக்குள்ள சாமான் அடுக்குத படிப்பு" என்று அவன் அக்கா ஜெபராணி தெருவில் சொல்லிவைத்திருந்தாள். கேட்டவர்கள், "அடுக்குறதுக்கு மூணு வருஷமா? எங்க வீட்டுக்கு வந்த மருமக மூணே நாள்ல அடுக்கிட்டாளே" என்று சிரித்தார்கள்.

ஆனால் அது படிப்புதான். முதல் வருஷம் பாலிஷ் கொட்டகையில் மரத்தைத் தேய்க்க வேண்டும். இரண்டாம் வருஷம் அறையை அளக்கப் பழக வேண்டும். மூன்றாம் வருஷம்தான் பிளான். அடிக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்து, அறையைக் காகிதத்தில் வரைய வேண்டும். சோபா, மேசை, நாற்காலி ஒவ்வொன்றையும் அதே கணக்கில் அட்டையில் வெட்டி, காகிதத்தின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். வாசலில் நிற்பவனின் கண் முதலில் எங்கே போகிறது, சன்னல் வெளிச்சம் யார் முகத்தில் விழுகிறது, விருந்தாளியின் முழங்கால் எதில் இடிக்கிறது என்று எல்லாம் யோசித்து, சரி என்று பட்ட பிறகு அட்டையைக் கோந்து போட்டு ஒட்ட வேண்டும்.

கடைசியில் ஒரு சோதனை உண்டு. ஒரு வீட்டின் ஹாலைத் தனியாகவே அமைத்து முடிக்க வேண்டும். கம்பெனியின் மேற்பார்வைக்காரர் அகமது மீரான் வந்து பார்ப்பார். அவர் சரி என்றால் கம்பெனியின் பெயரில் வீடுகளை அமைக்கப் போகலாம். இல்லை என்றால் பழையபடி பாலிஷ் கொட்டகை. அந்தக் கொட்டகையில் ஸ்பிரிட் வாடையில் இருந்து இருந்து நேசையாவுக்கு வறட்டு இருமல் வந்திருந்தது. விரல் நுனிகள் வெடித்து, வேதப் புத்தகத்தின் தாளைப் புரட்டினால்கூட எரிந்தது. இன்னொரு வருஷம் அங்கே இருந்தால் உடம்பு தாங்காது என்று அவனுக்குத் தெரியும்.

அவனுக்குக் கிடைத்தது வண்ணார்பேட்டையில் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் வக்கீல் அப்பாத்துரையின் வீடு. முந்தின மார்கழியில் அவருடைய தாயார் இறந்துபோனார். வருகிற சித்திரையில், புதிதாக வந்திருக்கும் ஜட்ஜ் துரைக்கு வீட்டில் தேநீர் விருந்து வைப்பதற்காக, பழைய ஹாலைப் புதிதாக்கச் சொல்லியிருந்தார் வக்கீல். தரைக்குக் காவி போட்டு, தேன்மெழுகு பூசி, முகம் தெரியத் தேய்த்திருந்தார்கள். சாமான்கள் ரயிலில் வந்து இறங்கியிருந்தன.

தபால் வந்த அந்தத் திங்கட்கிழமை நண்பகல் நெருங்கும் வேளையில், கூலிக்கு வந்த பலவேசமும் இசக்கியப்பனும் கண்ணாடி பீரோவைத் தூக்கப் பார்த்தார்கள். இரண்டு பேராலும் முடியாமல் நேசையாவும் சாமான் கொண்டுவந்த வண்டிக்காரனும் கை கொடுத்தார்கள்.

"தெக்கு மூலைக்குக் கொண்டு போங்க. அது செத்த மூலை. அதை முதல்ல சரிக்கட்டணும்" என்றான் நேசையா.

பலவேசம் பீரோவைப் பைய இறக்கிவிட்டான். "என்ன மூலைன்னிய அண்ணாச்சி?"

"செத்த மூலை."

"யாரு செத்தது?"

"யாரும் சாகலைவே. அது எங்க தொழில் பேச்சு. சாமான் இல்லாம சும்மா கிடக்குத மூலையை அப்படிச் சொல்லுவாங்க. நல்லா அமைச்ச அறையில செத்த மூலை இருக்கக் கூடாது."

"அப்படிப் பாத்தா எங்க வீட்டுல நாலு மூலையும் செத்துப்போச்சு. கஞ்சிப்பானை ஒண்ணுதான் உசுரோட கிடக்கு" என்றான் இசக்கியப்பன்.

பலவேசம் சிரிக்கவில்லை. "உச்சி வெயில்ல இந்தப் பேச்சு வேண்டாம் அண்ணாச்சி. நம்ம சும்மா சொல்லுவோம். கேட்டுக்கிட்டு நிக்கது சும்மா நிக்காது."

பீரோவை மூலையில் சுவரோடு சேர்த்து நிறுத்தினார்கள். வக்கீலின் மனைவி சாரம்மாள் பீங்கான் கோப்பைகளை உள்ளே அடுக்கினாள். எல்லோரும் கஞ்சி குடிக்கப் பின்கட்டுக்குப் போனார்கள்.

திரும்பி வந்தபோது பீரோ மூலையில் இல்லை. சுவரை ஒட்டியே தள்ளி, மூலையை விட்டு விலகி நின்றது. நேசையாவுக்குக் கோபம் வந்தது.

"ஏலே, எவம்லே இதை நகத்துனது?"

"நாங்க ஒங்க பக்கத்துலதான உக்காந்து குடிச்சோம்? என் கலயத்துல ஊறுகாயைப் போட்டதே நீங்கதான" என்றான் பலவேசம்.

அது உண்மை. நேசையா குனிந்து தரையைப் பார்த்தான். நாலு ஆள் தூக்கும் பீரோ. மெழுகு பூசின தரையில் இழுத்த கீறல் ஒன்றுகூட இல்லை. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த கோப்பைகள் அடுக்குக் கலையாமல் இருந்தன. அளவுகோலை எடுத்து, காலியாக விடப்பட்ட இடத்தை அளந்தான். நீளம் ஆறரை அடி. அகலம் மூன்றே கால்.

செவ்வாய்க்கிழமை பீரோவை மறுபடி மூலையில் வைத்து, ஹால் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு போனான். வந்து திறந்தபோது பீரோ அதே இடத்துக்கு விலகியிருந்தது. ஆறரை, மூன்றே கால். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. காலியான இடத்தில் தரையின் மெழுகு மட்டும் மங்கியிருந்தது. குனிந்து பார்த்தான். நெருக்கமாக, நேராக, மெல்லிய கோடுகள் அச்சுப் பதிந்தாற்போல் கிடந்தன. ஏதோ துணி பட்டிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி தேய்த்தான். இசக்கியப்பன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூலியைக்கூட வாங்காமல் வாசல் வழியே போய்விட்டான்.

புதன்கிழமை நேசையா அந்த வீட்டுக்குப் போகவில்லை. பாளையங்கோட்டையில் அக்காவின் வீட்டில் உட்கார்ந்து, கம்பெனிக்குக் காட்ட வேண்டிய பிளானை முடித்துக்கொண்டிருந்தான். பீரோவின் அட்டைத் துண்டை மூலையில் வைத்து, கோந்து தடவி, மேலே இஸ்திரிப் பெட்டியை ஏற்றினான். கோந்து காய்ந்த பிறகு நகத்தால் கிள்ளிப் பார்த்தான். அசையவில்லை. பிளானைச் சுருட்டித் தகரக் குழலில் போட்டு மூடினான்.

"நேசையா, சோறு ஆறுது" என்று கூப்பிட்டாள் ஜெபராணி. கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. சாப்பிட்டுவிட்டு வந்து, குழலைத் திறந்து, காகிதத்தை விரித்தான்.

மூலையில் காய்ந்த கோந்தின் அடையாளம் மட்டும் சதுரமாக இருந்தது. அட்டைத் துண்டு தள்ளிக் கிடந்தது. அவன் அளக்க விரும்பவில்லை. ஆனாலும் மூன்று வருஷம் பழகின கை தானாக அளந்தது. மூன்றே கால் அங்குலம். அடிக்கு அரை அங்குலம் என்றால் ஆறரை அடி.

"மூஞ்சி ஏன்லே வெளுத்துப்போச்சு? இருமலா?" என்றாள் அக்கா. "ஆமாக்கா" என்றான்.

பயந்தவர்கள் ஓடிப்போவது இயற்கை. ஓடாமல் நிற்பவர்களும் தைரியசாலிகள் என்று சொல்ல முடியாது. நேசையாவுக்குப் போக வேறு இடம் கிடையாது, அவ்வளவுதான். வியாழக்கிழமை உச்சிப் பொழுதில் அவன் அந்த ஹாலிலேயே இருப்பது என்று முடிவு செய்தான். பலவேசம் வெளித் திண்ணையில் உட்கார்ந்துகொண்டான். "நான் இங்கன இருக்கேன் அண்ணாச்சி. உள்ள வர மாட்டேன். நீங்க கூப்பிட்டா ஓட மட்டும் மாட்டேன்" என்றான். அதுவும் ஒரு ஒத்தாசைதான்.

காலையில் ஆள் வைத்து மறுபடி மூலைக்குக் கொண்டுபோன பீரோவை, நேசையா சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். சன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. ஆற்றங்கரையில் துணி துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது கேட்கவில்லை. காகம் கத்தவில்லை. நெற்றி வேர்வை ஒரு சொட்டு இறங்கிக் கண்ணில் விழுந்தது. அவன் கண்ணை மூடித் திறந்தான்.

பீரோ விலகி நின்றது.

நகர்ந்ததை அவன் பார்க்கவில்லை. முதலிலிருந்தே அங்கேதான் இருந்ததுபோல் அது நின்றது. காலியான மூலையில், சுவர் ஓரத்திலிருந்து தொடங்கி, தரையின் பளபளப்பு ஒரு சாண், ஒரு முழம் என்று பைய மங்கிக்கொண்டே வந்தது. யாரோ எதையோ உருட்டி விரிக்கிற மாதிரி இருந்தது. ஈரக் கோரையின் வாசனை அடித்தது. மெழுகில் கோடுகள் ஒவ்வொன்றாகப் பதிந்தன. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அது துணியின் அச்சு அல்ல, பாயின் அச்சு. ஆறரைக்கு மூன்றே கால், பத்தமடைப் பாயின் அளவு. அவனுடைய கம்பெனிப் பிளானில் நாற்காலிக்கு அட்டை உண்டு, பூச்சாடிக்கு அட்டை உண்டு. பாய்க்கு அட்டை கிடையாது.

அவன் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினான். பிறந்ததிலிருந்து சொல்லிவருகிற ஜெபம் பாதியில் மறந்துபோனது.

அப்போது ஒரு குரல் கேட்டது. மூலையிலிருந்து அல்ல. அவனுக்குப் பின்னால், வாசலிலிருந்து. பெண்குரல். தண்ணீர் இல்லாமல் காய்ந்த தொண்டை.

"செத்த இடம்…"

திரும்பினான். வாசலில் வெயிலைத் தவிர யாரும் இல்லை.

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. பலவேசம் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்து, செம்பிலிருந்து தண்ணீர் கொடுத்தான். சாரம்மாள் பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"என்ன தம்பி, என்ன கேட்டுச்சு?"

"எங்க தொழில் பேச்சை அது திருப்பிச் சொல்லுதும்மா. செத்த இடம், செத்த இடம்னு…"

சாரம்மாள் செம்பை வாங்கி ஓரமாக வைத்தாள். "தம்பி, நீங்க பட்டணத்துல இருந்து இருந்து நம்ம பேச்சை மறந்துட்டிய. வாசல்ல நின்னு ஒரு பொம்பளை செத்த இடம்னு சொன்னா, அது மூலைக்குப் பேரு வைக்கதா? கொஞ்சம் இடம் குடுங்கன்னு கேக்குதுய்யா."

நேசையா வெட்கப்பட்டான். செத்த நேரம் இரு, செத்த தள்ளிப் படு என்று சொல்லித்தான் அவனுடைய அம்மாவும் அவனை வளர்த்திருந்தாள். மூன்று வருஷத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் அவனிடம் மிஞ்சியிருந்தது.

சாயங்காலம் வக்கீல் கோர்ட்டிலிருந்து வந்தார். அப்பாத்துரை பேச்சுக்குப் பெயர் போனவர். எதிர்க்கட்சிச் சாட்சி சொன்ன சொல்லையே எடுத்துத் திருப்பிப் போட்டு, கோர்ட்டே சிரிக்கும்படி செய்துவிடுவார். சாட்சி கூண்டில் நின்று அழுவான்.

"என்னவே நேசையா, பீரோ நடக்குதாமே? நல்லதுதான். ஜட்ஜ் துரை வாரபோது வாசல் வரைக்கும் நடந்து வந்து கூப்பிடச் சொல்லும்" என்றார்.

"ஐயா, ஒரு குரல் கேட்டுது. செத்த இடம்னு."

வக்கீலின் கையிலிருந்த தலைப்பாகை கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"யாரு சொன்னா ஒனக்கு இதை?"

"யாரும் சொல்லலை ஐயா. நானே கேட்டேன்."

அவர் புது நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். சாரம்மாள் கதவருகில் நின்றாள். பிறகு பேசினார். கோர்ட்டுப் பேச்சு அல்ல. சிறுபிள்ளை ஒப்பிப்பதுபோல இருந்தது.

"தாது வருஷப் பஞ்சம். எனக்கு ஏழு வயசு. அன்னைக்கு இந்த ஹால்ல எங்கப்பா பெரிய மனுசங்களுக்கு விருந்து வச்சிருந்தாரு. உச்சி நேரம். வாசல்ல ஒருத்தி வந்து நின்னா. எலும்பும் தோலுமா இருந்தா. சோறு கேக்கலை. 'செத்த இடம் குடுங்கய்யா, வெயில் தாழப் போயிருதேன்'னா. நான்தான் வாசல் பக்கம் நின்னேன். நான் சொன்னேன்…"

"என்ன சொன்னிய?" என்றாள் சாரம்மாள்.

"'செத்த இடம் கல்லறைத் தோட்டத்துலதான் இருக்கு, அங்க போ'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. கெட்டிக்காரப் பயன்னு எங்கப்பா என் கையில ஒரு லட்டு குடுத்தாரு. நான் அதைத் தின்னு முடிக்கும் முன்னாடி அவ போயிட்டா. சாயங்காலம் ஆத்தங்கரைப் புளிய மரத்தடியில செத்துக் கிடந்தா."

அவர் குனிந்து தலைப்பாகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மறுநாள்ல இருந்து எங்கம்மா அந்த மூலையில ஒரு பாயை விரிச்சா. தினம் உச்சி நேரத்துக்கு விரிப்பா. பக்கத்துல ஒரு செம்புத் தண்ணி. ஆழ்வார்திருநகரிக்கு நடந்து போற சனம், வளையல்காரன், அறுப்புக்குப் போற பொம்பளைங்க, எவ்வளவோ பேரு படுத்து எந்திரிச்சுப் போயிருக்காங்க. அம்மா யாரையும் எந்த ஊரு, என்ன சாதின்னு கேக்கலை. என்னையும் ஒரு வார்த்தை கேக்கலை. முப்பத்துமூணு வருஷம் விரிச்சா. ஆள் வராத அன்னைக்கும் விரிச்சா." அவர் மூலையைப் பார்த்தார். "அவ போன பெறகு நான்தான் அதைச் சுருட்டிப் பரண்ல போட்டேன்."

"நாளைக்கு அதை எடுத்து விரிச்சிருவோம்" என்றாள் சாரம்மாள்.

வக்கீல் எழுந்தார். "ஜட்ஜ் துரை வாரபோது பாயும் செம்புமா? மூலையில பீரோவே இருக்கட்டும். நேசையாவுக்கும் அதுதான சோதனை? செத்த மூலை விட்டா அவனைத் திரும்பக் கொட்டகைக்கு அனுப்பிருவாங்க." பேச்சை நேசையாவின் பக்கம் திருப்பிவிட்டு அவர் மாடிக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது பொய்யல்ல. வெள்ளிக்கிழமை முழுதும் நேசையா அதையே நினைத்துக்கொண்டிருந்தான். மூலையில் பீரோவை வைத்தால், மீரான் வருகிற காலை நேரத்தில் அது அங்கேதான் நிற்கும். உச்சிப் பொழுதுக்குள் அவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். தொழில் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு அந்த வாசலில் யார் நின்று என்ன கேட்டால் அவனுக்கு என்ன?

ஆற்றங்கரைச் சாலையில் நடந்து வீட்டுக்குப் போகும்போது அவனுக்கு ஒரு பழைய கோணி நினைவுக்கு வந்தது. சென்னைக்குப் போய் இறங்கின முதல் நாள், காய்ச்சலோடு கம்பெனி வாசலில் நின்றான். முதலாளி சாயங்காலம்தான் வருவார், வெளியே இரு என்றார்கள். கொட்டகைக் காவல்காரர் ஒருவர், பெயர்கூடத் தெரியாது, இரண்டு நாற்காலிகளை நகர்த்தி வைத்து, நடுவில் கோணியை விரித்து, "செத்த படு தம்பி" என்றார். அவ்வளவுதான். அந்தக் கோணி அளவு இடம் இல்லாவிட்டால் அன்றைக்கே ஊருக்குத் திரும்பியிருப்பான். தனக்குக் கிடைத்த தொழிலே அந்தக் கோணியில்தான் தொடங்கியது என்று அவன் அதுவரை நினைத்ததில்லை. நன்மை செய்தவர்கள் மறந்துவிடலாம். அதைப் பெற்றுக்கொண்டவர்கள் மறப்பதுதான் பாவம்.

சனிக்கிழமை காலையில் அவன் பலவேசத்தைக் கூப்பிட்டான். "ஆளைக் கூட்டிக்கிட்டு வாரும். பீரோவை வக்கீலய்யா ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோயிருவோம்."

"அண்ணாச்சி, அப்ப ஒங்க சோதனை?"

"போனாப் போகட்டும்."

பீரோவை வெளியே எடுத்து முடித்தபோது, வாசலில் அப்பாத்துரை நின்றார். இரவு தூங்காத கண்கள். கையில் சுருட்டின பாய் இருந்தது. அவரே பரணில் ஏறி எடுத்திருக்கிறார், சட்டையெல்லாம் ஒட்டடை. ஒரு முனையை நேசையாவிடம் கொடுத்தார். இருவருமாக மூலையில் விரித்தார்கள். மெழுகில் இருந்த அச்சின்மேல் அது கச்சிதமாகப் பொருந்தியது. சாரம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ரயில் தாமதம். காலையில் வரவேண்டிய அகமது மீரான் வரவில்லை. பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. உச்சிப் பொழுது நெருங்கியது. துவைக்கும் சத்தம் நின்றது.

அப்பாத்துரை வாசலைப் பார்த்து நின்றார். அவர் உதடு அசைந்தது. வாழ்நாளெல்லாம் வார்த்தைக்குத் தட்டுப்பாடு இல்லாத மனிதருக்கு அன்று வார்த்தை வரவில்லை. சாரம்மாள் மெதுவாக அவர் முழங்கையைத் தொட்டாள்.

"வாங்கம்மா" என்றார் வெயிலைப் பார்த்து. "இடம் இருக்கு."

ஒன்றும் நடக்கவில்லை. கோரையின் வாசனை மட்டும் ஒருமுறை வந்து போனது.

சற்று நேரத்தில் வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. அகமது மீரான் காயல்பட்டினத்துக்காரர்; உயரமான மனிதர்; கையில் மடக்கு அளவுகோல். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்ப்பார், ஒவ்வொரு மேசையையும் உலுக்கிப் பார்ப்பார் என்று கம்பெனியில் எல்லோருக்கும் அவரிடம் பயம். "ஸலாம் வக்கீல் சாப். ரயில்காரன் கழுத்தறுத்துட்டான்" என்று உரக்கப் பேசிக்கொண்டே படி ஏறி வந்தவர், ஹாலுக்குள் ஓரடி வைத்ததும் நின்றார்.

அவர் கண் நேராக மூலைக்குப் போனது. முகம் மாறியது. குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா வே நேசையா? நான் பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கிட்டு வாரேன்."

"என்ன சார்?"

"பைய பேசுவே. அந்த அம்மா இப்பதான் கண்ணை மூடியிருக்கு." அவர் குனிந்து பூட்ஸைக் கழற்றி வாசலிலேயே வைத்தார். "சீக்காளியா? வத்திப்போய்க் கிடக்கே. பாவம், பிள்ளையும் அசந்து தூங்குது."

நேசையா மூலையைப் பார்த்தான். விரித்த பாய் இருந்தது. பாயின்மேல் ஒன்றும் இல்லை.

அவனுக்குப் பின்னால் அப்பாத்துரை தூணைப் பிடித்துக்கொண்டார். அவர் குரல் நேசையாவுக்கு மட்டும்தான் கேட்டது.

"இடுப்புல பிள்ளை இருந்துச்சு. ரெண்டும்தான் போச்சு. அதை நான் ஒங்க யாருகிட்டயும் சொல்லலை. என் வாயில வரலை."

மீரான் வெறுங்காலோடு ஹாலைச் சுற்றி வந்தார். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். மேசையை உலுக்காமல், விரல் நுனியால் அசைத்துப் பார்த்தார். சன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். மூலைப் பக்கம் போகும்போது ஒதுங்கி, தன் நிழல்கூடப் பாயின்மேல் படாமல் நடந்தார். பிறகு எல்லோரையும் வராந்தாவுக்குக் கூட்டி வந்து, பிளானை வாங்கி விரித்தார்.

"இதுல மூலையில கோந்து அடையாளம் இருக்கு. பீரோ எங்கவே?"

"எடுத்துட்டேன் சார்."

"அந்த அம்மாவுக்காகவா?"

நேசையா தலையசைத்தான். மீரான் பென்சிலை எடுத்தார்.

"எடுத்தது சரி. ஆனா தப்பு எங்க தெரியுமா? வீட்டுல இப்படி ஒரு ஆள் இருக்குன்னு நீ பிளான்ல போடவே இல்லை. அளக்க வந்த அன்னைக்கே கேட்டிருக்கணும், இந்த வீட்டுல யாரு யாரு இருக்காங்கன்னு. ஆளை முதல்ல போடு. சாமானை அப்புறம் போடு. மூணு வருஷம் ஒனக்கு மூலையைப் பத்திச் சொல்லிக் குடுத்தோம். இதை யாரும் சொல்லலை போல. அது எங்க தப்பு." நோட்டில் ஏதோ எழுதினார். "அந்த இடத்தை இப்பவே வரைஞ்சு பேரு போடு."

நேசையா வரைந்தான். நீளம் மூன்றே கால் அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலமும் ஒரு நூலும். நடுவில் என்ன பெயர் எழுதுவது என்று யோசித்து, 'இடம்' என்று எழுதினான்.

மீரான் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, படி இறங்கிய பிறகுதான் போட்டுக்கொண்டார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ. தூங்குகிற ஏழைக்காகக் காலணியைக் கழற்றத் தெரிந்தவருக்குத்தான் அது தெரிந்தது என்று சாரம்மாள் சொல்லுவாள். எனக்கும் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

வண்டி போன பிறகு உள்ளே வந்து பார்த்தார்கள். செம்பில் தண்ணீர் இல்லை.

பத்தாம் நாள் கம்பெனியின் கடிதம் வந்தது. ஹாலின் குறிப்பில், வாசல், சன்னல், சோபா என்று வரிசையாக மீரானின் கையெழுத்தில் இருந்தது. கடைசி வரி: 'தெற்கு மூலை: ஆள் இருக்கிறது. தொட வேண்டாம்.' அதற்குக் கீழே நேசையா தேறியதாக முத்திரை. ஜட்ஜ் துரை விருந்துக்கு வந்தபோதும் பாய் அங்கேதான் இருந்தது. அவர் அதை அழகுக்கு என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போனார். பீரோ அதற்குப் பிறகு ஆபீஸ் அறையை விட்டு நகரவில்லை.

அடுத்த வருஷம் விக்கிரமசிங்கபுரத்தில் புதிதாகக் கட்டின பங்களா ஒன்றை அமைக்க நேசையா போனான். பிளானைப் பார்த்த குமாஸ்தா சிவசண்முகம், ஹாலின் ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"இதென்னவே, சாமான் ஒண்ணும் இல்லாம ஒரு கட்டம்?"

"செத்த இடம்."

குமாஸ்தா விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "என்னது?"

"பயப்படாதீரும் அண்ணாச்சி" என்றான் நேசையா. "கொஞ்சம் இடம்னேன். யாராவது வருவாங்க."